ஏழாம் அறையில் சுஜூது

ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. கல்முனை பஸ் நிலையத்துக்குப் பின்னால் வயல் பக்கமாக இறங்கும் அந்தத் தெருவில் ஒரு மனுசன் இல்லை... ஒரு நாய்கூட இல்லை.

எந்தத் தெரு என்று கேட்காதீர்கள். சொன்னால் நாளைக்கே நாலு பேர் மோட்டார் சைக்கிளில் போய்ப் படம் பிடிப்பீர்கள். முப்பது வருடத்துக்கு மேல் முள்ளுக்கம்பி போட்டு மறித்துக் கிடந்த தெரு, அவ்வளவுதான். அதில் இருந்த குடும்பங்கள் எல்லாம் எப்போதோ வேறு பக்கம் போய்விட்டன. வீடுகளுக்குள் மரம் முளைத்துக் கூரைக்கு மேலால் எட்டிப் பார்க்கிறது. தெரு முடிகிற இடத்தில் ஒரு மாடிக் கட்டடம். பதினொரு அறை. ஒரு காலத்தில் மீராலெவ்வை லொட்ஜ் என்றால் பொத்துவில் தொடக்கம் மட்டக்களப்பு வரைக்கும் வியாபாரிமாருக்குத் தெரியும்.

அந்த நேரத்தில் அந்தத் தெருவால் தனியே நடந்து போனவர் பஸால். நம்முடைய இன்பாஸின் மச்சான். இன்பாஸின் மூத்த சகோதரி கமீலா ராத்தாவைக் கலியாணம் முடித்தவர். இன்பாஸ் இதோ, மழைக்குப் பயந்து மூலையில் ஒடுங்கிக்கொண்டு இருக்கிறான். பொய் என்றால் அவனே எழும்பிச் சொல்லட்டும். கரண்ட் வரும் வரைக்கும் இந்த மீன் வாடிக்குள் நமக்கு வேறு வேலையும் இல்லை. கிட்ட வந்து இருங்கள். கடல் இரைகிற இரைச்சலில் ஒன்றை இரண்டு தரம் சொல்ல முடியாது.

முதலில் தொண்ணூறாம் ஆண்டைச் சொல்ல வேண்டும்.

சண்டை திரும்பத் தொடங்கின நேரம். ஒரு வியாழக்கிழமை பகல் லொட்ஜ் வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. இறங்கினவர் ஒரு கடிதத்தை நீட்டினார். அவசரகாலச் சட்டத்தின் கீழ் இந்தக் கட்டடத்தை அரசாங்கம் எடுக்கிறது. இரண்டு மணித்தியாலத்துக்குள் தங்கியிருப்பவர்களை வெளியேற்றிக் கையளிக்க வேண்டும். அந்த நாளில் அப்படி எத்தனையோ லொட்ஜ், எத்தனையோ பள்ளிக்கூடம். ஏன் என்று கேட்க ஆருக்கு வாய் இருந்தது? பஸாலின் வாப்பா மீராலெவ்வை அறை அறையாகப் போய்த் தட்டி ஆட்களை அனுப்பினார். பிறகு ஒரு தாளில் கையெழுத்து வைத்தார். 'கட்டடத்துக்குள் ஆள் எவரும் இல்லை' என்று அந்தத் தாளில் இருந்தது.

அடுத்த கிழமை இறக்காமத்தில் இருந்து ஒரு பெண் வந்தார். இடுப்பில் ஒரு கைக்குழந்தை. அவருடைய புருசன் கச்சிமுகம்மது, நெல் வியாபாரி. லொட்ஜில் ஏழாம் அறையில் தங்கப் போனவர் வீடு திரும்பவில்லை.

"ஏழாம் அறையையும் திறந்து பாத்தன் தங்கச்சி," என்றார் மீராலெவ்வை. "உள்ளுக்கு ஆள் இல்ல. அதுக்கு முந்தியே வெளிக்கிட்டிருப்பாரு."

அந்தப் பெண் போய்விட்டார். ஆனால் அடுத்த வருடமும் வந்தார். அதற்கடுத்த வருடமும் வந்தார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? மீராலெவ்வை ஒரு ஆளை உள்ளே விட்டுவிட்டுக் கையெழுத்து வைத்தார் என்று சந்தைக்குள் கதை அடிபட்டது. கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும், பள்ளிவாசலில் எல்லோர் முன்னாலும், அவர் குர்ஆனைத் தொட்டுச் சத்தியம் பண்ணினார். கதவைத் திறந்து பார்த்தேன், உள்ளே ஒருவரும் இல்லை என்றார். அதற்குப் பிறகு ஊர் அடங்கிவிட்டது. பதினொரு வயதுப் பிள்ளையாகப் பின்வரிசையில் இருந்து பஸால் அதைக் கேட்டார்.

மீராலெவ்வை மௌத்தாகி இப்போது பதினான்கு வருடம். பஸாலுக்குக் கட்டடம் பெரிதில்லை. அந்தச் சத்தியம்தான் பெரிது. அது மெய் என்றால் வாப்பா நிம்மதியாகக் கிடப்பார். பொய் என்றால்...? குர்ஆனில் கை வைத்துப் பொய் சொன்ன மனுசன் மண்ணுக்குள் போய் என்ன பாடுபடுவார்? இதை நினைத்துக்கொண்டு அவர் நடுச்சாமத்தில் எழும்பி உட்காருவார் என்று கமீலா ராத்தாவே சொல்லியிருக்கிறார்.

போன வருடம், மாரிக்கு முன், அரசாங்கம் கட்டடத்தைத் திருப்பிக் கொடுக்கிறோம் என்றது. காணி அலுவலர் சுஜிந்தன் நல்ல பிள்ளை, அண்ணன் என்கிற மாதிரி நம்மைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார். பகல் வந்து பஸாலிடம் வாசல் கேற் சாவியைக் கொடுத்துவிட்டு, "காக்கா, பதினொரு அறையையும் இண்டைக்கே ஒருக்காப் பாத்துடுங்க," என்றார். "நாளைக்குப் பத்து மணிக்குக் கையெழுத்து. 'உள்ளுக்கு ஆளோ பொருளோ எதுவும் இல்ல'ண்டு தாள் அடிச்சு வச்சிருக்கன்."

அதற்காகத்தான் பஸால் அந்த மாலையில் போனார்.

கேற்றடியில் காவல்காரர் வேலப்போடி கதிரை போட்டு இருந்தார். பாண்டிருப்பு மனுசன், வயசாளி. அவர் பஸாலை மேலும் கீழும் பார்த்தார்.

"கரண்ட் இல்ல தம்பி. காலையில பாக்கலாமே."

"காலையில கையெழுத்து அண்ணன். கெதியாப் பாத்துட்டு வந்திடுறன்."

"மேல தண்ணிச் சத்தம் கேட்டா என்னெண்டு போய்ப் பாக்காதீங்க," என்றார் வேலப்போடி. "குழாய்க்குத் தண்ணி வெட்டிப் பதினஞ்சு வருசம்."

பஸால் சிரித்துக்கொண்டு உள்ளே போனார். வயசாளி தனியே இருந்து பயந்து போயிருக்கிறார் என்று நினைத்தார். எல்லோரும் முதலில் அப்படித்தான் நினைப்போம்.

கீழே ஐந்து அறை. கையில் இருந்த போன் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஊறிப்போன சீமெந்து மணம்... வௌவால் எச்சம்... சுவரில் ஆரோ நாள் எண்ணிக் கீறிய கோடுகள். அந்த நேரம் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. ஒரு பள்ளிவாசலில் தொடங்கி, அடுத்த பள்ளி, அதற்கடுத்த பள்ளி. அந்தித் தொழுகையான மஹ்ரிபுக்கு நேரம் கொஞ்சம்தானே. பள்ளிக்குப் போய்ச் சேர முடியாது. கொண்டுபோன போத்தல் தண்ணீரில் அங்கேயே முகம் கை கால் கழுவி வுளு எடுத்தார். மிச்சம் ஆறு அறையையும் பார்த்துவிட்டு, துப்புரவான ஒரு இடத்தில் தொழுவோம் என்று மாடிப்படி ஏறினார்.

ஆறாம் அறை... ஒன்றுமில்லை.

பிறகுதான் நிலத்தைப் பார்த்தார். விறாந்தையில் ஈரக் கால்தடம். வெறுங்கால். குளியலறைப் பக்கம் இருந்து வந்து ஏழாம் அறைக்குள் போயிருந்தது.

கதவு திறந்துதான் கிடந்தது. உள்ளே மங்கல் வெளிச்சம். ஒரு ஆள், முதுகைக் காட்டிக்கொண்டு, தலையில் தொப்பியோடு, கை கட்டித் தொழுதுகொண்டு நின்றார்.

பஸாலுக்குப் பயம் வரவில்லை. ஏனென்றால் இந்த இன்பாஸ், 'கதவு யன்னலுக்கு அளவெடுக்கப் பின்னேரம் வாறன் மச்சான்' என்று சொல்லியிருந்தான். உயரமும் இவன் உயரம்தான். முந்தி வந்துவிட்டான் போல என்று பஸால் நினைத்தார். சந்தோசம்கூடப் பட்டார், நேரத்துக்குத் தொழுகிறானே என்று.

இனி அவர் செய்ததை நீங்களும் செய்திருப்பீர்கள். தனியே தொழுகிற ஒருவரைக் கண்டால் நாம் என்ன செய்வோம்? மெதுவாகத் தோளில் தொடுவோம். வலப்பக்கம் கொஞ்சம் பின்தள்ளி நின்று 'அல்லாஹு அக்பர்' என்று தக்பீர் கட்டுவோம். அதிலிருந்து அவர் இமாம், நாம் அவர் பின்னால். அவர் குனிந்தால் குனிய வேண்டும், அவர் எழும்பினால்தான் எழும்ப வேண்டும். பிள்ளைக் காலத்தில் இருந்து பழகின கை, யோசிக்காமல் போகும். பஸாலின் கையும் போய் அந்தத் தோளைத் தொட்டது.

சட்டை ஈரமாக இருந்தது. உள்ளே எலும்பு தட்டுப்பட்டது. புதுச்சாக்கில் கட்டின நெல்லின் மணம் குப்பென்று வந்தது... தூசியும் உமியுமாக, தும்மல் வருகிற மாதிரி.

அதற்குள் தக்பீர் கட்டிவிட்டார்.

முன்னால் நின்றவர் சத்தமாக ஓதவில்லை. மஹ்ரிபில் சத்தமில்லாமல் ஓதுவது கடைசி ரக்அத்தில்தான், அதுவாக இருக்கும் என்று பஸால் நினைத்தார். அவர் குனிந்தார், பஸாலும் குனிந்தார். அவர் நிமிர்ந்தார். பிறகு முழங்கால் 'டக்... டக்' என்று இரண்டு தரம் நெரிய, அவர் சுஜூதுக்குப் போனார். பஸாலும் போனார். நெற்றியை நிலத்தில் வைத்தார்.

நிலம் குளிர்ந்தது. சுஜூதில் சொல்கிற தஸ்பீஹை மூன்று தரம் சொன்னார். தலை தூக்கும் தக்பீர் வரவில்லை. ஏழு தரம் சொன்னார். வரவில்லை. இருபது, முப்பது... எண்ணிக்கை விட்டுப்போனது.

அப்போதுதான் பஸாலுக்கு ஒன்று உறைத்தது. இன்பாஸ் தொழுதால் கோழி கொத்துகிற மாதிரித் தொழுவான். இவ்வளவு நீளமான சுஜூது இவன் பரம்பரையிலேயே கிடையாது. சிரிக்காதீர்கள்.

தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் இடப்பக்கம் ஓட்டினார். பக்கத்தில் இருந்தவரின் கை தெரிந்தது. நிலத்தில் பதித்திருந்த கை. கனநேரம் தண்ணீரில் ஊறின கை மாதிரி, விரல் எல்லாம் வெளிறிச் சுருங்கியிருந்தது. நகக்கண்ணில் உமித்தூசி.

எழும்பி ஓட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். இமாமுக்கு முந்தித் தலையைத் தூக்காதே என்று மத்ரசாவில் அடித்துப் படிப்பித்த பயம் ஒன்று. தலையைத் தூக்கினால் பக்கத்தில் இருக்கிறவரின் முகத்தைப் பார்க்க வேண்டி வரும் என்பது அதைவிடப் பெரிய பயம். கழுத்தும் கல்லாய்ப் போயிருந்தது.

பின்னால் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. பிறகு கீழே ஒரு சத்தம்.

டொக்... டொக்... டொக். ஆரோ கதவு தட்டினார்கள். கீழ் மாடியில் முதலாவது அறை. பிறகு அடுத்த அறை. குரலும் கேட்டது. ஒவ்வொரு கதவாக அது வந்துகொண்டிருந்தது. படியில் ஏறியது. ஆறாம் அறை வாசலில் நின்றது. அந்தக் குரல் பஸாலுக்குத் தெரியும். இருமலும் சளியும் பிடிப்பதற்கு முந்தின குரல், அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போன நாளில் இருந்த குரல். அவருடைய வாப்பாவின் குரல்.

ஏழாம் அறையில் தட்டியது. டொக்... டொக்... டொக்.

"அஸ்ஸலாமு அலைக்கும். உள்ளுக்கு ஆள் இரிக்கா?"

பதில் இல்லை. தொழுகையில் இருக்கிறவன் எப்படிப் பதில் சொல்லுவான்? நிலத்தில் பதிந்திருந்த அந்த வெளிறின விரல்கள் மட்டும் மெல்ல மடங்கின.

"அஸ்ஸலாமு அலைக்கும்... ஆள் இரிக்கா? வெளிக்கிடுங்க, நேரமில்ல."

பஸால் கண்ணை இறுக்கி மூடினார். திறங்க வாப்பா, திறந்து பாருங்க என்று நெஞ்சுக்குள் கத்தினார்.

"அஸ்ஸலாமு அலைக்கும்..."

மூன்றாம் தரம் அவ்வளவுதான். பிறகு செருப்புச் சத்தம்... விறாந்தையால் போனது. கதவில் கை வைத்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

மூன்று தரம் ஸலாம் சொல்லியும் பதில் இல்லை என்றால் திரும்பிப் போக வேண்டும் என்பது நமக்குச் சொல்லித் தந்த மரியாதை. தொழுகிறவன் வாய் திறக்கக் கூடாது என்பதும் சொல்லித் தந்ததுதான். இரண்டு பேரும் மார்க்கம் சொன்னபடி நடந்தார்கள். அதற்காக மீராலெவ்வையை ஆரும் குறை சொல்ல முடியாது. ஆனால் கதவைத் திறந்து பார்த்தேன் என்று குர்ஆனைத் தொட்டுச் சொன்னாரே... அதுதான். பஸாலின் கண்ணீர் மூக்கு வழியே ஓடி நிலத்தில் சொட்டியது.

பிறகு படியில் சப்பாத்துச் சத்தம், கட்டடத்தை எடுக்க வந்தவர்கள்.

ஒரு சோடி இல்லை. நாலைந்து சோடி. அவசரம் இல்லாமல், படிக்கு ஒரு அடியாக ஏறி வந்தது. பக்கத்தில் இருந்தவரின் மூச்சு மாறியது. இழுத்து... இழுத்து... நெல் மணம் போய் வியர்வை மணம் வந்தது. அந்த ஆள் பயந்து நடுங்குகிற நடுக்கம் நிலத்தால் ஓடி வந்து பஸாலின் நெற்றியில் தெரிந்தது. அந்த நடுக்கத்திலும் அவர் தலையைத் தூக்கவில்லை.

அப்போது இன்னொரு குரல்.

"மச்சான்... இஞ்சயா இரிக்கீங்க?"

கமீலா ராத்தா. பஸால் பிந்துகிறார் என்று பிளாஸ்கில் பிளேன்டீயும் ஊற்றிக்கொண்டு ஆட்டோவில் வந்திருக்கிறார். பஸாலுக்கு அது உண்மையான கமீலாவா, இதுவும் அந்தக் கட்டடத்தின் குரலா என்று தெரியவில்லை. பின்னால் கதவு கிறீச்சென்று அசைந்தது. ஒரு சாண் திறந்திருக்கும். எதிலோ 'தொம்' என்று இடித்து நின்றது. கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு கதவு மெதுவாக, மிக மெதுவாகச் சாத்தப்பட்டது.

படியில் சப்பாத்துகள் மேல் படிக்கு வந்துவிட்டன. விறாந்தையில் கமீலா நிற்கிறாள்.

அந்த நினைப்புத்தான் பஸாலின் கழுத்தை விடுவித்தது. அவர் தலையைத் தூக்கினார்.

"கமீலா! கீழ போ!"

பஸாலுக்கு முன்னால் ஒருவரும் இல்லை. சப்பாத்துச் சத்தம் இல்லை. நிலம் காய்ந்து தூசியாகக் கிடந்தது. பஸால் இடப்பக்கம் திரும்பவே இல்லை. எழும்பிப் பாய்ந்து கதவை இழுத்தார். கதவு ஒன்றிலும் தட்டாமல் முழுக்கத் திறந்தது.

கமீலா ராத்தா விறாந்தைச் சுவரில் சாய்ந்து நின்றார். பிளாஸ்க் படிக்கட்டால் உருண்டு கீழே போயிருந்தது. "வீட்ட போவம் மச்சான்," என்றார். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். வேலப்போடி ஒன்றும் கேட்காமல் கேற்றைத் திறந்துவிட்டார்.

இன்பாஸ் அந்த நேரம் எங்கே என்று கேளுங்கள். கொத்துரொட்டிக் கடையில். அளவெடுக்கப் போகவே இல்லை.

அடுத்த நாள் பத்து மணிக்குச் சுஜிந்தன் தாளை நீட்டினார். பஸால் பேனையை எடுக்கவில்லை.

"ஏழாம் அறையில ஆள் இரிக்கு தம்பி," என்றார். "இல்லயெண்டு என்னால எழுதிக் கையெழுத்து வைக்க ஏலாது."

சுஜிந்தன் சிரிக்கத் தொடங்கினார். பிறகு பஸாலின் முகத்தைப் பார்த்தார். தாளை மடித்துக் கோப்புக்குள் வைத்துவிட்டு, "ஆறுதலாப் பாப்பம் காக்கா," என்றார்.

கமீலா ராத்தாவுக்கு மூன்று நாள் காய்ச்சல். காய்ச்சல் விட்ட பிறகும் அந்த மாலையைப் பற்றி வாய் திறக்கவில்லை. பஸாலும் கேட்கவில்லை. அவருக்குத் தன்னுடைய பாடே பெரும்பாடாக இருந்தது. ஏழு நாள் யோசித்தார். தகப்பனின் பெயரைக் காப்பாற்றுவதா, உண்மையைச் சொல்வதா? எட்டாம் நாள் காலையில் இறக்காமத்துக்குப் பஸ் ஏறினார்.

கச்சிமுகம்மதுவின் மனைவி உயிரோடு இல்லை. அந்தக் கைக்குழந்தை இருந்தார். பஹ்மிதா என்று பெயர். அவருக்கே இப்போது மூன்று பிள்ளைகள். பஸால் வாசலில் நின்றபடியே சொன்னார்.

"எங்கட வாப்பா கதவைத் திறக்கல்ல தங்கச்சி. தட்டினாரு. உங்கட வாப்பா தொழுதுகொண்டு இருந்ததால பதில் சொல்லல்ல. எங்கட வாப்பா திரும்பிப் போயிட்டாரு. சத்தியம் பண்ணினது பொய்."

பஹ்மிதா அவரை உள்ளே கூப்பிட்டு இருத்தினார். அது எப்படித் தெரியும் என்று கேட்கவே இல்லை.

"புருசன் மௌத்தானா இரிக்கிற இத்தாவ எங்கட உம்மா கடைசி வரைக்கும் இருக்கல்ல காக்கா," என்றார். "உசிரோட இரிக்காரெண்டுதான் இருந்தா. தினமும் ஒரு பீங்கான் சோறு போட்டு மூடி வைப்பா. இனி எங்களுக்கு ஜனாஸா தொழலாம்."

அன்று பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு இறக்காமத்துப் பள்ளியில், மையித்து உடல் இல்லாமலே, இறந்தவருக்கான ஜனாஸாத் தொழுகை நடந்தது. முப்பத்துநாலு வருடம் பிந்தின தொழுகை. பஸால் கடைசி வரிசையில் நின்று தொழுதார். அழுதார். தொழுகை முடிந்ததும் நெஞ்சில் இருந்து ஒரு மூட்டை இறங்கின மாதிரி இருந்தது.

பின்னேரம் ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்தார். கமீலாவைக் கூப்பிட்டு இருத்தி எல்லாவற்றையும் சொன்னார். "அந்த மனுசன் இனி எழும்பிடுவாரு புள்ள. வாப்பாட பாரமும் குறஞ்சிட்டு," என்றார்.

கமீலா ராத்தா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு கதைத்தார்.

"அண்டைக்குக் கதவு ஒரு சாண்தான் திறந்தது மச்சான். என்னத்திலயோ இடிச்சுது. குனிஞ்சு பாத்தன்... ஒரு கால். கதவோட ஒட்டி, சுஜூதுல கிடக்கிற ஒரு ஆள்ட உள்ளங்கால். நீங்க முன்னுக்கு, உங்களுக்கு இடப்பக்கம் ஒரு ஆள். இவரு உங்க ரெண்டு பேருக்கும் பின்னால, தனிய."

"ஆரு?"

"ரெண்டு விரல் இல்ல, மச்சான். சீனி வருத்தத்துக்கு வெட்டின விரல். கடைசி ஒரு வருசம் அந்தக் காலக் கழுவி மருந்து கட்டினவள் நான். எனக்குத் தெரியாதா? நான் கதவத் தள்ளினதும்... அந்தக் கால் கொஞ்சம் உள்ளுக்கு இழுத்து எனக்கு வழி விட்டிச்சு."

"வாப்பாவா?" என்றார் பஸால்.

"இண்டைக்கு அஸர் தொழுதுட்டு மூணரை போல திரும்பப் போனன்," என்றார் கமீலா ராத்தா. "நீங்க இறக்காமம் போயிருக்கீங்க, பாப்பமெண்டு. கதவத் தள்ளினன். அந்த இடத்திலயே இடிச்சுது. முன்னால ஆள் இல்ல. அந்த மனுசன் எழும்பிப் போயிட்டாரு. மாமா மட்டும் கதவடியில அப்பிடியே கிடக்காரு. நடுங்குது அவருக்கு... இமாம் போயிட்டாரெண்டு அவருக்குத் தெரியல்ல மச்சான். தலையத் தூக்கலாமெண்டு அவருக்கு இனி ஆரு சொல்றது?"

பஸால் எழும்பினார். கிணற்றடிக்குப் போய் வுளு எடுத்தார். தொப்பியைப் போட்டார். கமீலா ராத்தா மறிக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைப் பஸால் ஒருவரிடமும் சொன்னதில்லை. வேலப்போடி சொன்னதுதான் நமக்குத் தெரியும். மஹ்ரிபு பாங்கு முடிகிற நேரம் பஸால் வந்தார். மேலே போனார். கொஞ்ச நேரத்தில் ஏழாம் அறையில் இருந்து ஒரு குரல், உடைந்துபோய், நடுங்கிக்கொண்டு, ஆனால் தெருவுக்கே கேட்கிற மாதிரி, அல்லாஹு அக்பர் என்றது. பிறகு ஒரு ஆள் கனநாள் கிடந்த கிடையில் இருந்து எழும்புகிற மாதிரி ஒரு முனகல்.

படியில் இறங்கிய காலடி இரண்டு பேருடையது. ஒன்று நேராக விழுந்தது. மற்றது இழுத்து இழுத்து நொண்டியது.

வேலப்போடி டோர்ச் அடித்துப் பார்த்தார். பஸால் மட்டும்தான் வந்தார். ஒரு கையை வளைத்து, வயசாளி ஒருவரைத் தாங்கிக்கொண்டு வருகிற மாதிரிப் பக்கம் சரிந்து, படிப்படியாக நின்று நின்று வந்தார். கேற்றடிக்கு வந்ததும் வேலப்போடியைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்:

"கொஞ்சம் விலகி நில்லுங்கண்ணன். வாப்பாக்குப் போக வழி காணாது."